மின் கண்காணிப்பு மென்பொருளில் தரவுப் பதிவுகளும் அலார மேலாண்மையும்

மின் கண்காணிப்பு மென்பொருள் என்பது துணைமின் நிலையம், தொழிற்சாலை, துறைமுகம் போன்ற இடங்களிலுள்ள மீட்டர்கள், காப்பு ரிலேக்கள், பிரேக்கர்கள் ஆகியவற்றிலிருந்து அளவீடுகளைத் திரட்டிச் சேமித்து, திரையில் காட்டி, வரம்பு மீறும்போது எச்சரிக்கும் கணினி அமைப்பாகும். ஷ்னைடர் நிறுவனத்தின் பவர் மானிட்டரிங் எக்ஸ்பெர்ட், சீமென்ஸ் நிறுவனத்தின் பவர்மேனேஜர் போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. பெரிய மின்தொகுப்புகளில் இதே வேலையை ஸ்காடா அமைப்புகள் செய்கின்றன. இவை அனைத்துக்கும் பொதுவான பணிகள் இரண்டு. ஒன்று, நடந்ததைப் பதிவு செய்தல்; இது தரவுப் பதிவு எனப்படும். மற்றொன்று, நடந்து கொண்டிருப்பதைப் பணியாளருக்கு அறிவித்தல். இது அலாரம் எனப்படும்.

வடசென்னைப் பின்னணி

இராயபுரம் முதல் திருவொற்றியூர், மணலி, எண்ணூர், அத்திப்பட்டு வரை நீளும் வடசென்னைப் பகுதி, மின்சாரத்தை உற்பத்தி செய்வதிலும் பயன்படுத்துவதிலும் தமிழ்நாட்டின் முதன்மையான பகுதிகளுள் ஒன்றாகும். 450 மெகாவாட் திறன் கொண்ட எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் இயங்கி 2017-இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் மூன்றும் 600 மெகாவாட் அலகுகள் இரண்டும் உள்ளன. 800 மெகாவாட் திறனுள்ள மூன்றாம் நிலை 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டது. வல்லூர் அனல்மின் நிலையம் 1500 மெகாவாட் திறன் கொண்டது. பேசின் பிரிட்ஜில் 120 மெகாவாட் எரிவாயுச் சுழலி நிலையம் உள்ளது. சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஆகியவை இப்பகுதியின் பெரிய நுகர்வோர்.

கடலோரம் என்பதால் இங்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கடற்காற்று கொண்டுவரும் உப்பும் நிலக்கரி, சாம்பல் தூசியும் மின்கம்பிகளின் இன்சுலேட்டர்கள் மீது படிகின்றன. உலர்ந்திருக்கும் வரை இப்படிவால் தொல்லை குறைவு. பின்னிரவுப் பனி அதை நனைக்கும்போது அது மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி, இன்சுலேட்டரின் மேற்பரப்பில் மின்பொறி பாய்ந்து லைன் துண்டிக்கப்படலாம். பலத்த மழை பெய்தால் படிவு கழுவப்பட்டுவிடும். ஒரு குறிப்பிட்ட லைன் மழையில்லாத மாதங்களில், விடியற்காலையில் மட்டும் திரும்பத் திரும்பத் துண்டிக்கப்படுகிறது என்பதைப் பல மாதப் பதிவுகளை ஒன்றாகப் பார்த்தால்தான் அறிய முடியும். அதைக் கொண்டே இன்சுலேட்டர்களை எப்போது கழுவுவது, எங்கே மாற்றுவது என்று முடிவு செய்யலாம்.

2024 செப்டம்பர் 12 அன்று இரவு, மணலி துணைமின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் சென்னையின் பல பகுதிகள் இருளில் மூழ்கின. மாற்று வழிகளில் மின்சாரம் கொண்டுவரப்பட்டு, படிப்படியாக வழங்கல் சீரானது. இத்தகைய இரவுகளில் கட்டுப்பாட்டறை விடை காண வேண்டிய கேள்விகள் மூன்று: முதலில் திறந்தது எந்த பிரேக்கர், எந்த லைன் இன்னும் நல்ல நிலையில் உள்ளது, எதை மீண்டும் இணைத்தால் ஆபத்து. பதிவும் அலாரமும் இந்தக் கேள்விகளுக்காகவே உள்ளன.

தரவுப் பதிவின் வகைகள்

1. இடைவெளிப் பதிவு: மின்னழுத்தம், மின்னோட்டம், திறன், திறன் காரணி போன்றவற்றை 15 நிமிடம் போன்ற நிலையான இடைவெளியில் சேமிப்பது. இந்திய மின்தொகுப்பில் ஒரு நாள் 96 பதினைந்து நிமிடப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டே மின்வழங்கல் திட்டமிடப்படுகிறது.

2. நிகழ்வுப் பதிவு: பிரேக்கர் திறந்தது, ரிலே இயங்கியது போன்ற மாற்றங்களை மில்லிநொடித் துல்லியத்துடன் வரிசையாகக் குறிப்பது.

3. அலைவடிவப் பதிவு: பழுது நேரும் கணத்துக்குச் சற்று முன்பும் பின்பும் மின்னழுத்த, மின்னோட்ட அலைகளின் வடிவத்தையே பிடித்து வைப்பது. வெவ்வேறு நிறுவனக் கருவிகளின் பதிவுகளை ஒன்றாகத் திறந்து பார்க்க காம்ட்ரேட் என்னும் பொதுக் கோப்பு வடிவம் பயன்படுகிறது.

ஒரு வகை மற்றொன்றுக்கு ஈடாகாது. மின்னழுத்தம் பாதியாகக் குறைந்து 0.1 நொடியில் மீண்டால், கொள்கலன் பாரந்தூக்கியின் மோட்டார் இயக்கி நின்றுவிடக்கூடும். ஆனால் 15 நிமிடச் சராசரியில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றத்தைக்கூடக் காட்டாது. ஐ.இ.இ.இ. 1159 தரநிலைப்படி, மின்னழுத்தம் இயல்பளவில் 10 முதல் 90 விழுக்காட்டுக்குள் தாழ்ந்து அரைச் சுழற்சி முதல் ஒரு நிமிடம் வரை நீடித்தால் அது மின்னழுத்தத் தாழ்வு ஆகும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அரைச் சுழற்சி என்பது 10 மில்லிநொடி.

பதிவுகளைப் பார்க்கும் முறை

பதிவைத் திறப்பவர் முதலில் கால எல்லையையும் கருவியையும் தேர்ந்தெடுக்கிறார். அடுத்து, தொடர்புடைய அளவுகளை ஒரே காலக்கோட்டில் அடுக்கிப் பார்க்கிறார். மின்னோட்டம் உயர்ந்தபோது மின்னழுத்தம் தாழ்ந்ததா என்பதைத் தனித்தனி வரைபடங்களில் கண்டுபிடிப்பது கடினம்.

எண்களின் பொருளையும் அறிந்திருக்க வேண்டும். மின்சாரத்தில் இயங்கும் நவீன பாரந்தூக்கி கொள்கலனை இறக்கும்போது மின்சாரத்தைத் திருப்பி அனுப்பக்கூடும். அப்போது திறன் எதிர்க்குறியுடன் பதிவாவது பழுதன்று. மறுபுறம், ஒரே அளவீடு மணிக்கணக்கில் ஒரு புள்ளிகூட மாறாமல் இருந்தால், மீட்டருடனான தொடர்பு அறுந்து பழைய மதிப்பே திரையில் நின்றிருக்க வாய்ப்புண்டு. பதிவில் உள்ள வெற்றிடத்தைச் சுழியம் என்று படிப்பதும் பொதுவான பிழையாகும்.

இடைவெளிப் பதிவு மின்கட்டணத்தோடும் நேரடித் தொடர்புடையது. தமிழ்நாட்டில் உயரழுத்த நுகர்வோரின் சராசரித் திறன் காரணி 0.90-க்குக் கீழே சென்றால் கூடுதல் கட்டணம் விதிக்கப்படுகிறது. மின்தேக்கித் தொகுதி ஒன்று பழுதடைந்த நாளைப் பதிவில் கண்டுபிடித்தால், மாத இறுதிப் பட்டியல் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நேர ஒத்திசைவு

நிகழ்வுப் பதிவின் மதிப்பு கடிகாரத்தைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, பின்வரும் வரிசையைக் கொள்ளலாம்:

02:14:07.312 – முதல் லைன், தொலைவு ரிலே பழுதை உணர்ந்தது
02:14:07.338 – முதல் லைன், துண்டிப்பு ஆணை
02:14:07.391 – முதல் லைன், பிரேக்கர் திறந்தது
02:14:07.845 – இரண்டாம் லைன், மிகைமின்னோட்ட அலாரம்

முதல் லைன் துண்டிக்கப்பட்டதால் அதன் சுமை இரண்டாம் லைனுக்கு மாறியது என்பது இதிலிருந்து தெளிவாகிறது. இரண்டாம் லைனைப் பதியும் கருவியின் கடிகாரம் ஒரு நொடி பின்தங்கியிருந்தால், அதன் அலாரம் 02:14:06.845 என்று பதிவாகி, விளைவே காரணமாகத் தோன்றும். நல்ல லைனைச் சோதித்துக் கொண்டிருக்க, பழுதான லைன் மீண்டும் இணைக்கப்படலாம். இதனால்தான் துணைமின் நிலையக் கருவிகள் ஜி.பி.எஸ். கடிகாரத்துடன் ஒத்திசைக்கப்படுகின்றன. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 மின்தொகுப்புத் தரநிலை விதிகளின்படி, பழுதுக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் இப்பதிவுகளைச் சுமை மையங்களுக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டின் மாநிலச் சுமை மையம் சென்னையிலும், தென்மண்டலச் சுமை மையம் பெங்களூருவிலும் உள்ளன.

அலாரம் என்பது எது

பணியாளர் ஒருவர் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதேனும் செய்தாக வேண்டிய நிலையை அறிவிப்பதே அலாரம். செய்ய வேண்டியது எதுவும் இல்லையென்றால் அது நிகழ்வுப் பதிவில் மட்டும் இடம்பெற வேண்டிய செய்தி. ஐ.எஸ்.ஏ. 18.2, ஐ.இ.சி. 62682 ஆகிய தரநிலைகளின் அடிப்படை இதுவே.

அலாரம் தோன்றும்போது அது ஏற்கப்படாத நிலையில் இருக்கும். பணியாளர் ஏற்றதும் ஒலி நிற்கும். ஆனால் காரணம் நீங்கும் வரை அது பட்டியலில் தொடரும். ஏற்பது என்பது ‘பார்த்துவிட்டேன்’ என்பதற்கு மட்டுமே அடையாளம். பழுது தீர்ந்தது என்பதற்கன்று. இவ்வேறுபாட்டை மறந்து, ஒலியை நிறுத்தும் பொருட்டு எல்லா அலாரங்களையும் ஒரே சொடுக்கில் ஏற்பது ஆபத்தான பழக்கமாகும்.

அலாரங்களைச் சீராக்கும் வழிகள்

வரம்பும் மீளளவும்: ஒப்பந்தத் தேவை 1000 கே.வி.ஏ. கொண்ட ஆலையில் 900-இல் அலாரம் ஒலிக்கட்டும் என்று வைக்கலாம். நீங்குவதற்கான அளவையும் 900 என்றே வைத்தால், சுமை சற்று அசையும் போதெல்லாம் அலாரம் வந்து வந்து போகும். 870-க்குக் கீழே வந்தால்தான் நீங்கும் என்று வைத்தால் இத்தொல்லை குறையும்.

காலத் தாமதம்: பெரிய மோட்டார் தொடங்கும் சில நொடிகளுக்கு மின்னோட்டம் உயர்வது இயல்பு. வரம்பு மீறல் அதைவிட அதிக நேரம் நீடித்தால் மட்டும் அலாரம் எழுப்புமாறு அமைக்கலாம்.

முன்னுரிமை: ஏறத்தாழ 80 விழுக்காடு அலாரங்கள் தாழ்ந்த நிலையிலும், 15 விழுக்காடு நடுநிலையிலும், 5 விழுக்காடு உயர்ந்த நிலையிலும் இருப்பது பொதுவான பரிந்துரை. எல்லாமே அவசரம் எனில் எதுவும் அவசரமாகத் தோன்றாது.

ஒதுக்கி வைத்தல்: பராமரிப்பில் உள்ள கருவியின் அலாரத்தைத் தற்காலிகமாக ஒதுக்கலாம். யார், ஏன், எப்போது வரை ஒதுக்கினார் என்பது பதிவாக வேண்டும். அடுத்த ஷிப்டுக்கு அது சொல்லப்பட வேண்டும்.

அலார வெள்ளம்

பத்து நிமிடத்தில் ஒரு பணியாளருக்குப் பத்துக்கு மேல் அலாரங்கள் வந்தால் அது அலார வெள்ளம் எனப்படுகிறது. 1994 ஜூலை 24 அன்று பிரிட்டனின் மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலை வெடிவிபத்துக்கு முந்தைய கடைசி 11 நிமிடங்களில், இரு பணியாளர்கள் 275 அலாரங்களைச் சந்தித்தனர். முக்கியமானதைப் பிரித்தறிய அவர்களுக்கு வழியில்லை. சுத்திகரிப்பு ஆலையும் வேதித் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளை ஒட்டியிருக்கும் மணலி, எண்ணூர் போன்ற பகுதிகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும் பாடமாகும்.

அலாரம் ஒலிக்காத நிலை

அலாரம் மிகுவதைவிடக் கொடியது, அது சொல்லாமல் நின்றுபோவது. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனக் கட்டுப்பாட்டறையின் அலார மென்பொருள் பிற்பகல் 2:14-க்குப் பின் செயலிழந்தது. திரை அமைதியாக இருந்ததால் எல்லாம் சரியாக உள்ளன என்று பணியாளர்கள் எண்ணினர். கணினிப் பிரிவினர் சர்வர் பழுதை அறிந்திருந்தும், கட்டுப்பாட்டறைக்கு அதைச் சொல்லவில்லை. 3:05 முதல் லைன்கள் ஒவ்வொன்றாகத் துண்டிக்கப்பட்டன. 4:13-க்குள் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தனர். பதிவுக் கருவிகள் பலவற்றின் கடிகாரங்கள் ஒத்திசைக்கப்படாததால், நிகழ்வுகளை வரிசைப்படுத்தவே விசாரணைக் குழு பெரும் உழைப்பைச் செலவிட்டது.

இதன் பின் அலார மென்பொருளையே கண்காணிக்கும் வழக்கம் வலுப்பெற்றது. மென்பொருள் குறிப்பிட்ட இடைவெளியில் ‘உயிருடன் இருக்கிறேன்’ என்னும் குறிப்பை அனுப்பும். அது வராவிட்டால் வேறொரு தனி அமைப்பு எச்சரிக்கும். ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் சோதனை அலாரம் ஒன்றை எழுப்பிப் பார்ப்பதும், மாதந்தோறும் மிக அதிகமாக ஒலித்த பத்து அலாரங்களைப் பட்டியலிட்டு அவற்றின் காரணத்தை நீக்குவதும் எளிய, பயனுள்ள நடைமுறைகளாகும்.