பட்டைத் தோல் பேச்சுக் கேட்கும்

துப்பாக்கியின் தோல் உறை தளர்ந்துவிட்டால் அதை அழகுக் குறை என்று விட்டுவிட முடியாது. ஓடும்போது துப்பாக்கி நழுவி விழலாம். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. உறையின் வாய் துவண்டு உள்பக்கம் மடிந்திருந்தால், துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது அந்த மடிப்பே விசைக்கு முன்னால் புகுந்து அழுத்திவிடும். விரல் படாமலே குண்டு பாயும், வைத்திருப்பவரின் தொடையிலேயே பாயும். ஆயுதம் ஏந்துகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது உறையைத்தான் என்று பழைய ஆட்கள் சொன்னது இதற்காகத்தான்.

கோவை ஸ்டேட் பேங்க் சாலையில் 1918இல் கட்டிய ஹாமில்டன் போலீஸ் கிளப் கட்டடம், 2018 முதல் காவல்துறை அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே போகிறவர்கள் துப்பாக்கியின் இரும்பைப் பார்த்து வியக்கிறார்கள். அந்த இரும்பை நாளெல்லாம் சுமந்த தோலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 1858இல் இடது கையை இழந்த சாம் பிரவுன் என்ற ராணுவ அதிகாரி, மிச்சமிருந்த ஒரு கையால் வாளை உருவ வசதியாகத் தோள் வார் வைத்து பெல்ட் ஒன்றை அமைத்தார். அணிவகுப்பு நாள்களில் நம் காவல் அதிகாரிகளின் மார்பில் குறுக்கே கிடப்பது அதே பெல்ட்தான். ரிவால்வர் காலத்தில் அதன் இடுப்பில் மூடி வைத்த தோல் உறை தொங்கியது. கைப்பிடி அடியில் இருந்த வளையத்தில் கயிறு கோத்துத் தோளோடு கட்டிக்கொண்டார்கள். உறை ஏமாற்றினாலும் கயிறு பிடித்துக்கொள்ளும்.

அன்றைய உறைத் தோல் மரப்பட்டையில் பதமானது. வடக்கே கான்பூரில் கருவேலம்பட்டை, நம் பக்கம் ஆவாரம்பட்டை. கொங்குச் சீமையின் மேட்டாங்காட்டு ஓரமெல்லாம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் அதே ஆவாரைதான். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் போட்டு, பிறகு கடுக்காய்ச் சாற்றில் நிறம் தேற்றி, எண்ணெய் பூசி எடுப்பார்கள். ஈரோடு, திண்டுக்கல், திருச்சி வட்டாரத்துத் தோல் இந்த வழியில் பதமாகித்தான் கப்பலேறியது. வணிகர்கள் அதை ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்றார்கள், இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

பட்டையில் பதமான தோலுக்கு ஒரு குணம் உண்டு. நனைந்தால் இளகும், காய்ந்தால் கடைசியாக எந்த வடிவில் இருந்ததோ அப்படியே இறுகும். தளர்ந்த உறையைத் திருத்தும் வித்தை முழுவதும் இந்தக் குணத்தில் அடங்கியிருக்கிறது.

முதலில் தளர்ச்சி எங்கே என்று பார்க்க வேண்டும். பல நேரம் தோல் அப்படியே இருக்கும், தையல்தான் நைந்திருக்கும். பழைய நூலைப் பிரித்து, பழைய துளைகளிலேயே மெழுகு நூலை இரண்டு ஊசியால் எதிரெதிராகக் கோத்து இழுத்தால் போதும். தோலே விரிந்திருந்தால், பழைய தையலுக்கு உட்புறமாகக் குத்தூசியால் புதிதாகத் துளையிட்டு இன்னொரு வரிசை தைப்பார்கள். நூலிழை அளவு உள்ளே தள்ளினாலே பிடிப்பு மாறிவிடும். அதனால் தைப்பதற்கு முன் துப்பாக்கியை வைத்துக் கோடு கிழித்துக்கொள்ளாத ஆள் நல்ல வேலைக்காரர் இல்லை.

அதன்பிறகு ஈரம். உறையை வெதுவெதுப்பான நீரில் முக்கி, குமிழ் வருவது நின்றதும் எடுத்துவிட வேண்டும். மேல்தோல் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். சொட்டச் சொட்ட இருந்தால் வடிவம் நிற்காது, உலர்ந்துபோனால் தோல் வளையாது. துப்பாக்கியின் அளவில் செய்த மரக்கட்டை இருந்தால் நல்லது. இல்லையென்றால், குண்டுகளை எல்லாம் எடுத்து, அறை காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பார்த்துவிட்டு, துப்பாக்கியைப் பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றிச் செருக வேண்டும். விசைக்காப்பு வளையத்தைச் சுற்றியும் சுழலும் உருளையின் விளிம்பிலும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தோலைப் படியவைக்க வேண்டும். பிறகு உள்ளிருப்பதை மெல்ல உருவி, உறையை நிழலில் ஒரு நாள் முழுக்க விட வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று சித்திரை வெயிலில் வைத்தாலும் அடுப்போரம் வைத்தாலும் தோல் சுருங்கி வெடித்துப்போகும்.

எண்ணெய் விஷயத்தில் இன்றும் பலர் தவறுகிறார்கள். பாதுகாப்பு என்று நினைத்து உறைக்கு எண்ணெய் ஊற்றி ஊற்றித் தேய்ப்பார்கள். எண்ணெய் குடித்த தோல் இளகும், உறை தளர அதுவே பெரிய காரணம். மேலே மெழுகு தடவினால் போதும். துப்பாக்கியை உறைக்குள்ளேயே போட்டு மாதக்கணக்கில் பீரோவில் பூட்டுவதும் கூடாது. பதனிட்ட தோலில் தங்கும் அமிலமும் உப்பும் ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏற்றும்.

தோலுக்கு எண்ணெய் வேண்டிய இடம் வேறு. அது எந்நேரமும் தோல் நீரில் நனையும் கிணற்றங்கரை. முன்பு கொங்கு நாட்டின் ஆழக் கிணறுகளில் காளைகள் சரிவில் இறங்கி நீர் இறைக்கும் கவலையை இழுக்க, இரும்புச் சாலின் அடியில் கட்டிய தோல் குழாயான தும்பி வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். தும்பி கிழிந்தால் அன்றைக்குப் பாசனம் இல்லை. அதைத் தைத்துக்கொடுத்தவர்கள் அருந்ததியர். அவர்கள் கைதான் செருப்பும் தைத்தது, மாட்டுக்கு வாரும் பெல்ட்டும் தைத்தது. கூலியாகக் கிடைத்தது களத்துமேட்டில் அளந்து போட்ட கம்பும் சோளமும். வேலை உயர்ந்ததாக இருந்தது, செய்தவரை ஊர் எல்லையில் நிறுத்தினார்கள். இந்தக் கொடுமையைச் சொல்லாமல் பழைய கைவேலையைப் புகழ்வது நேர்மையாகாது.

1903 வாக்கில் சென்னையில் பொறியாளர் ஆல்ஃப்ரட் சாட்டர்டன் குரோம் உப்பில் தோல் பதனிடும் சோதனையைத் தொடங்கியபோது, அந்தத் தோலுக்கு அவர் கண்ட முக்கியமான பயன்களில் ஒன்று இந்தக் கவலைத் தோல்தான். குரோம் தோல் தண்ணீருக்கு அசராது. பல வாரம் பட்டைச் சாற்றில் கிடக்க வேண்டியதும் இல்லை. சென்னைக் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால். ஆனால் அதற்குள் கிணற்றடியே மாறிவிட்டது. 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின்சாரம் பிறந்தது, 1937இல் கோவையிலேயே மின்மோட்டார் உருவானது. பம்புசெட் பரவப் பரவக் கவலையும் தும்பியும் காட்டைவிட்டுப் போயின. காளைகளுக்கும் மனிதர்களுக்கும் அது விடுதலைதான்.

குரோம் தோல் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று கடையில் மலிவாகக் கிடைக்கும் உறைகளில் பல அந்தத் தோலில் செய்தவை. மென்மையாக இருக்கும், மழைக்கும் தாங்கும். ஆனால் நனைத்து அழுத்தினால் வடிவம் பிடிக்காது. தளர்ந்தால் கூடுதலாக ஒரு தையல் போடலாம், அதற்கு மேல் வழியில்லை. இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் உறை வந்துவிட்டது. சூடுகாட்டி வளைத்த கெட்டித் தகடு அது. ஓரத்தில் இருக்கும் திருகைத் திருப்பினால் பிடிப்பு கூடும், குறையும். வாய் துவளாது. பணியில் இருக்கும் காவலருக்கு அதுவே பாதுகாப்பு என்பதை நான் மறுக்கமாட்டேன்.

ஆனாலும் மில் குடும்பங்களிலும் தோட்டத்து வீடுகளிலும் உரிமத்தோடு வைத்திருக்கும் பழைய ரிவால்வர்கள், பட்டைத் தோல் உறைகளோடு இன்னும் இருக்கின்றன. அதைத் தைக்கத் தெரிந்தவர்கள் நடைபாதையில், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். 2009இல் அருந்ததியருக்கு வந்த மூன்று சதவீத உள் ஒதுக்கீடு அதற்குத் துணை நின்றது. அப்படிப் போவதுதான் சரி. சாதியின் பெயரால் யாரும் இந்த வேலையில் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. வேலை மட்டும் அழியாமல் இருக்க வேண்டுமானால், கோவையின் தொழிற்பயிற்சி நிலையங்களில் தோல் தைப்பை எந்தச் சாதிப் பிள்ளையும் சேர்ந்து படிக்கும் பாடமாக வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் அப்படி ஓர் உறை இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துப்பாக்கியை வீட்டில் பத்திரமாகப் பூட்டிவிட்டு, உறையை மட்டும் எடுத்துக்கொண்டு தோல் வேலை தெரிந்தவரிடம் போங்கள். பட்டைத் தோலா, குரோம் தோலா என்று முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.