எம்.சி.ஓ.பி. போடுவதற்கு முன்

நாமக்கல் லாரி ஒன்று நாக்பூருக்குப் பக்கத்தில் ஓரம் கட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டயரில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க இறங்கிய ஓட்டுநரைப் பின்னால் வந்த கார் அடித்துவிடுகிறது. வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு. அங்கேயே பிளேட் வைத்து, பத்து நாள் கழித்து ஊருக்குக் கூட்டி வருகிறார்கள். “கேஸ் போட்டா நாக்பூருக்கு இல்ல அலையணும்” என்று யாரோ சொல்ல, குடும்பம் அந்தப் பேச்சையே விட்டுவிடுகிறது.

அலைய வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 166(2) பிரிவு, விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரிலும் மனுப் போடலாம் என்கிறது. எதிர்தரப்பு வசிக்கும் ஊரிலும் போடலாம். காஷ்மீரில் அடிபட்டாலும் வழக்கு நாமக்கல்லிலோ சேலத்திலோ நடக்கலாம். காரின் உரிமையாளரும் அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியும் இங்கே வந்து பதில் சொல்ல வேண்டும். மராத்தியில் இருக்கும் முதல் தகவல் அறிக்கைக்கு மொழிபெயர்ப்பு வாங்குவதுதான் கூடுதல் வேலை. லாரி, டிரெய்லர், கேஸ் டேங்கர், திருச்செங்கோட்டு ரிக் வண்டி என்று இந்தியா முழுக்க ஆள் அனுப்பும் வட்டாரத்தில் இந்த ஒரு பிரிவு பட்டறைச் சுவரில் எழுதி வைக்கத் தகுந்தது.

இந்த மனுவைத்தான் கோர்ட் வளாகத்தில் எம்.சி.ஓ.பி. என்கிறார்கள். விசாரிப்பது மோட்டார் வாகன விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயம். பெயர்தான் தனி, நடத்துபவர் மாவட்ட நீதிபதியோ சார்பு நீதிபதியோதான். போலீஸ் போடும் குற்ற வழக்கு வேறு, இது வேறு. வேகமாக ஓட்டியதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, காயப்படுத்தியதற்கு 125 என்று அந்த வழக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனியாக ஓடும். அதில் கார் ஓட்டியவர் விடுதலையானாலும் எம்.சி.ஓ.பி. தானாக விழுந்துவிடாது. இங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று நீதிபதி பார்த்தால் போதும்.

முதலில் உயிர், பிறகுதான் வழக்கு. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்து என்றால், 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம். அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்கக்கூடாது. 1 லட்சம் ரூபாயாக இருந்த உச்சவரம்பு பிறகு 2 லட்சமானது. அரசு மருத்துவமனைகள் மட்டுமல்ல, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளும் இதில் உண்டு. வெளிமாநிலத்தில் அடிபட்டால் மத்திய அரசின் திட்டம்: 7 நாள், 1.5 லட்சம் ரூபாய் வரை. இதற்கான சட்டப்பிரிவு 2022 ஏப்ரலிலேயே அமலுக்கு வந்தும் திட்டம் கண்ணில் படவில்லை. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில் 2025 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகே, மே மாதம் அறிவிக்கை வந்தது.

இனி காகிதம். வழக்கின் பாதி விதி, அடிபட்டவர் கேஷுவாலிட்டிக்குள் போன முதல் பத்து நிமிடத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. டூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் நாலு வரி எழுதுவார். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். ‘இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடத்தில் கார் மோதி’ என்று எழுதினால் ஒரு கதை. கூட வந்தவர் பதற்றத்தில் “வண்டியில இருந்து விழுந்துட்டாருங்க” என்று சொல்லி, ‘இரு சக்கர வாகனத்திலிருந்து தானே விழுந்ததாக’ என்று பதிவானால் வேறு கதை. இரண்டு வருடம் கழித்து இன்சூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் எடுப்பது அந்த வரியைத்தான். என்ன நடந்ததோ அதை, மோதிய வண்டியின் எண் தெரிந்தால் அதையும் சேர்த்து, அப்போதே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது முதல் தகவல் அறிக்கை. மருத்துவமனையிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போகும், போலீஸ்காரர் கட்டிலருகே வந்து வாக்குமூலம் வாங்குவார். படித்துப் பார்த்துவிட்டு, முடியாவிட்டால் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உயிரைக் காப்பாற்ற ஓடிய நாட்களில் புகார் தாமதமானால் அதற்காகவே மனுவைத் தள்ளக்கூடாது என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் தாமதம் கேள்வியைக் கிளப்பும். ‘பேசி முடிச்சுக்கலாம், ஆஸ்பத்திரிச் செலவு நான் பாத்துக்கறேன்’ என்று வண்டிக்காரர் சொல்வதை நம்பிப் புகார் கொடுக்காமல் இருந்தவர்கள்தான் கடைசியில் வெறுங்கையோடு நிற்கிறார்கள். முதல் பில்லைக் கட்டியதும் அந்த நபர் போனை எடுக்க மாட்டார்.

இவற்றோடு ரஃப் ஸ்கெட்ச், பிரேக் இன்ஸ்பெக்டரின் வாகன ஆய்வு அறிக்கை, காயச் சான்றிதழ், குற்றப்பத்திரிகை, மோதிய வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், ஓட்டியவரின் லைசென்ஸ் நகல் எல்லாம் வேண்டும். இதையெல்லாம் பாதிக்கப்பட்டவர் அலைந்து பொறுக்க வேண்டும் என்பது பழைய காலம். 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மத்திய விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 166(4). இதைச் சரியாக நடத்தும்படி 2022 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றமும் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. காகிதத்தில் அழகான ஏற்பாடு. நடைமுறையில், ஸ்டேஷனில் போய் “அறிக்கை அனுப்பிட்டீங்களா?” என்று கேட்பவருக்கு ஒரு வேகம், கேட்காதவருக்கு ஒரு வேகம்.

கெடுவும் உண்டு. 2019 திருத்தத்தால், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டது. இந்த விதியை எதிர்த்து வழக்குகள் நடக்க, காலதாமதத்தை மட்டும் காட்டி மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவை நம்பித் தூங்க வேண்டாம், 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

எவ்வளவு கிடைக்கும்? எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். ‘கால் போனா இவ்வளவு, கை போனா இவ்வளவு’ என்று டீக்கடையில் சொல்லும் ரேட் எதுவும் சட்டத்தில் கிடையாது. மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, உடனிருந்தவர் செலவு, படுத்திருந்த மாதங்களின் வருமானம், இனி செய்ய வேண்டிய அறுவைச் சிகிச்சை, வலியும் வேதனையும், இழந்த வாழ்க்கைச் சுகங்கள் என்று தனித்தனித் தலைப்பில் போடுவார்கள். இவற்றில் பெரிய தொகை, இனி ஆயுளுக்கும் குறையப்போகும் சம்பாத்தியத்துக்கு.

நம் ஓட்டுநருக்கு வயது 34, மாத வருமானம் 18,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றதாகக் கொள்வோம். வருடத்துக்கு 2,16,000. நாற்பது வயதுக்குட்பட்ட, நிரந்தர வேலை இல்லாதவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சேர்த்தால் 3,02,400. 31 முதல் 35 வயது வரை உள்ளவருக்கு 16ஆல் பெருக்க வேண்டும் என்பது 2009 தீர்ப்பு. ஆக 48,38,400 ரூபாய். இதில் ஊனத்தின் சதவீதம் எவ்வளவோ அதுதான் அவர் பங்கு.

வழக்கின் கழுத்து இந்தச் சதவீதத்தில்தான் இருக்கிறது. மருத்துவ போர்டு கால் ஊனம் 40 சதவீதம் என்று சான்று தருகிறது. அதை அப்படியே போட்டால் 19,35,360 ரூபாய். ஆனால் 2010இல் உச்ச நீதிமன்றம் ஒரு வித்தியாசத்தைத் தெளிவாகச் சொன்னது: உடலின் ஊனம் ஒன்று, பிழைப்பின் ஊனம் இன்னொன்று. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய சம்பாதிக்கும் திறன் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். அதே கையை இழந்த அரசு எழுத்தருக்கு வேலையே போகாமல் இருக்கலாம். நம் ஓட்டுநர் வலது காலால் இனி ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் நாள் முழுக்க மிதிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாது என்று காட்டினால், 40 என்ற எண் 60, 70 என்று ஏறும். 60 என்று ஏற்றாலே தொகை 29,03,040. ஹெவி லைசென்ஸைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். அந்தச் சான்றைத் தர டாக்டர் மறுத்தார் என்றால் அதுவே நல்ல சாட்சியம். இதைச் சொல்லத் தெரிந்த வக்கீலுக்கும் போர்டு சான்றைத் தாக்கல் செய்துவிட்டு உட்காரும் வக்கீலுக்கும் பல லட்சம் வித்தியாசம்.

வருமானத்தை எப்படிக் காட்டுவது? லாரித் தொழிலில் சம்பளம் ஒரு பக்கம், படி ஒரு பக்கம், பாதி கையில் பாதி போனில். டிரிப் ஷீட், வங்கிப் பதிவு, போனில் வந்த பணத்தின் விவரம் எதையும் எறியாதீர்கள். முதலாளி சம்பளச் சான்றிதழ் மட்டும் கொடுத்தால் பாதிக் கிணறு. அவர் கூண்டேறி, நான்தான் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரு காகிதமும் இல்லாவிட்டாலும் வழக்கு போகாது. கர்நாடகத்துக் காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில், ரசீது இல்லை என்பதற்காக அவர் சம்பாதிக்கவில்லை என்று சொல்ல முடியாது என உச்ச நீதிமன்றம் 2014இல் வருமானத்தைத் தானே கணித்தது. வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண்ணுக்கும் அந்த உழைப்புக்கு மதிப்புப் போட்டே ஆக வேண்டும் என்பது 2021 தீர்ப்பு.

தப்பு ஓட்டுநர் மேலேயே என்றால்? தொப்பூர்க் கணவாயில் பிரேக் பிடிக்காமல் தன் லாரியே கவிழ்ந்தால், எதிர்தரப்பு என்று யாரும் இல்லை, 166இல் வழக்குப் போட முடியாது. சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கு வேறு வழி உண்டு: வேலை நேரத்தில் நேர்ந்த காயத்துக்கு யார் தப்பு என்று பாராமல் முதலாளி தர வேண்டிய ஊழியர் இழப்பீடு. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இது, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் வந்துவிட்டது. கோருவது தொழிலாளர் துறையிடம். பணம் பெரும்பாலும் லாரியின் இன்சூரன்ஸிலிருந்தே வரும். தானே முதலாளி, தானே ஓட்டுநர் என்பவருக்கு இது கிடையாது. அவர் பாலிசியோடு எடுத்திருக்க வேண்டிய 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடுதான் கதி. அதுவும் மரணத்துக்கும் பெரிய ஊனத்துக்கும்தான், எலும்பு முறிவுக்கு இல்லை.

கல்யாணத்துக்கும் கெடா வெட்டுக்கும் குட்டியானை லோடு வண்டியின் பின்புறம் ஏறிப் போகிறார்களே, அவர்கள் நிலைமை இன்னும் மோசம். சரக்கு வண்டியில் சும்மா ஏறிய ஆளுக்கு அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002 டிசம்பரிலிருந்தே சட்டம் தெளிவாக இருக்கிறது. வண்டிக்காரரின் சொந்தப் பணத்திலிருந்துதான் வாங்க வேண்டும், அவரிடம் இருந்தால். சரக்கின் சொந்தக்காரர் தன் சரக்கோடு போனால் காப்பீடு உண்டு.

மோதிய வண்டி நிற்காமல் போய், எண்ணும் தெரியாவிட்டால், படுகாயத்துக்கு 50,000 ரூபாய், மரணத்துக்கு 2 லட்சம் என்று 2022 முதல் தனித் திட்டம் இருக்கிறது. விண்ணப்பம் வருவாய்த் துறையின் விசாரணை அதிகாரிக்கு, அதாவது வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியருக்கு.

வக்கீலுக்கு வருவோம். வார்டுக்கே வந்து, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு, வக்காலத்துப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பவர் வக்கீல் அல்ல, புரோக்கர். வழக்குப் பிடிக்க ஆள் அனுப்புவது பார் கவுன்சில் விதிக்கு விரோதம். வரும் பணத்தில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதும் விரோதம், ஊரெல்லாம் நடந்தாலும். எழுதாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், அசல் ஆவணங்களைக் கொடுத்தால் பட்டியல் எழுதி வாங்குங்கள். ‘வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்ல, வேற வண்டி காட்டிக்கலாம்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பிடிபட்டால் இழப்பீடும் போகும், அடிபட்டவரே குற்றவாளியாகவும் நிற்பார்.

காசில்லை என்றால் சேலத்திலும் நாமக்கல்லிலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. 15100க்குப் போன் செய்து கேட்கலாம்.

வழக்கு நடுவில் மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒரே நாளில் முடியும், பணமும் சீக்கிரம் வரும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. இன்னும் பிளேட் எடுக்க வேண்டியிருக்கிறது, போர்டு சான்று வரவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். தீர்ப்பாயத்தின் தீர்ப்புக்கு, மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி சேரும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7.5 சதவீதம் போடுகிறார்கள். தொகை போதாவிட்டால் 90 நாளுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

பணத்தை உரியவரின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்ப வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனுப் போடும்போதே அடிபட்டவர் பேரில் உள்ள பாஸ்புக் நகலைச் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். மைனர் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய தொகை அவர்களுக்கு 18 முடியும் வரை வங்கியில் நிரந்தர வைப்பாக இருக்கும். அதன் வட்டியைப் படிப்புச் செலவுக்கு எடுக்கத் தீர்ப்பிலேயே அனுமதி கேட்டு வாங்கிவிடலாம்.