அரசூர்/87

பெயர் வாங்கிய கிருமிகள் – 14

கோழிக் கழிச்சல் நோய்க்குப் பெயர் கொடுத்த ராணிக்கெட் என்ற ஊர், அந்த நோயை முக்தேஸ்வர் மலை ஆய்வகத்தில் ஆராய்ந்த எட்வர்ட்ஸ். போன வாரக் கதை அவ்வளவுதான், விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் நாமக்கல் கோழிப் பண்ணைக்குள் நுழைவதாகச் சொல்லியிருந்தேன். வழியில் வீரகனூர் சந்தை மறித்துக்கொண்டது.

கெங்கவல்லியில் இருந்துகொண்டு சனிக்கிழமை வீரகனூர் போகாமல் இருப்பது கஷ்டம். ஆடு வாங்க அல்ல, வேடிக்கை பார்க்க. ஒரு வெள்ளாட்டுக் குட்டிக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. விற்க வந்தவர் தோள் துண்டால் அதைத் துடைத்துவிட்டு, அதே துண்டுக்குள் கையை விட்டு வியாபாரியின் விரலைப் பிடித்து விலை பேசினார். "சளிங்களா?" என்றேன். "மழையில நனைஞ்சுடுச்சுங்க." பக்கத்தில் நின்ற பெரியவர் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னார்: "வெக்கையும் இப்படித்தான் தம்பி ஆரம்பிக்கும்."

அந்தச் சொல்தான் பண்ணைப் பயணத்தைக் கெடுத்தது. நம் பக்கம் மாட்டுக்கு வந்தாலும் வெக்கை, ஆட்டுக்கு வந்தாலும் வெக்கை. படித்தவர்கள் முதலாவதை ரிண்டர்பெஸ்ட் என்பார்கள். இரண்டாவது ஆட்டுக்கொல்லி நோய், சுருக்கமாக பி.பி.ஆர். காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல், கடைசியில் நுரையீரல் சளி. பெரியவர் இரண்டையும் ஒரே பேரில் அழைப்பது அறியாமை என்று நினைத்தேன். அப்படியில்லை. ஆய்வகக்காரர்களும் வெகுகாலம் அதே குழப்பத்தில்தான் இருந்திருக்கிறார்கள். இரண்டு வைரஸும் பங்காளிகள். மனிதனின் தட்டம்மை வைரஸும் நாயின் டிஸ்டெம்பர் வைரஸும் அதே வகையறா. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் தேடினால் ஒன்றைப் போலவே மற்றொன்றும் காட்டும். ஆட்டுக்கொல்லி 1942இல் ஐவரி கோஸ்டில் அடையாளம் காணப்பட்டது. அதை மேற்கு ஆப்பிரிக்கச் சமாச்சாரம் என்று பல ஆண்டுகள் விட்டுவைத்திருந்தார்கள். இங்கே ஆடுகள் விழுந்தால் ரிண்டர்பெஸ்ட் என்று எழுதினால் போதும், கோப்பு மூடிவிடும்.

1987இல் அரசூர் என்ற ஊரில் செம்மறிகளுக்கு இந்த நோய் கண்டது. உளுந்தூர்பேட்டை தாண்டி விழுப்புரம் போகும் சாலையில் வருமே, அதே அரசூர். அன்றைக்கு அது தென்னார்க்காடு மாவட்டம். விழுப்புரம் மாவட்டம் பிறந்ததே 1993இல்தான். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் எம்.எஸ். ஷைலாவும் புருஷோத்தமன் முதலான கால்நடை விஞ்ஞானிகளும் அந்த வைரஸை ஆராய்ந்தார்கள். 1989இல் 'வெட்டரினரி ரெக்கார்டு' இதழில் கட்டுரை வந்தது. இந்தியாவில் ஆட்டுக்கொல்லி இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான்.

கெங்கவல்லியிலிருந்து சென்னைக்கு எத்தனை முறை அந்த ஊரைத் தூங்கிக்கொண்டே கடந்திருப்பேன்! ராணிக்கெட் பாவம், நோய்க்குப் பெயரைக் கொடுத்துவிட்டு இன்றைக்கும் திட்டு வாங்குகிறது. அரசூரின் பெயர் மருந்துக்குப் போயிற்று. அங்கே எடுத்த வைரஸைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசியாக்கியது. அதன் பெயர் அரசூர்/87.

கொல்கிற வைரஸ் தடுப்பூசியானது எப்படி? அதை ஆட்டிடமிருந்து பிரித்து, பழக்கமில்லாத இடத்தில் 75 முறை திரும்பத் திரும்ப வளர்த்தார்கள். புது வீட்டுக்குப் பழகப் பழக, ஆட்டைக் கொல்லும் வித்தை அதற்கு மறந்துபோகும். ஆனால் ஆட்டின் உடம்பு அதை அடையாளம் கண்டு ஆயுதம் செய்துகொள்ளும். அந்தப் புது வீடு எது தெரியுமா? ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கு ஒன்றின் சிறுநீரகச் செல். 1962இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யசுமுரா, கவகிதா என்ற இருவர் எடுத்து வளர்த்த செல், இன்றைக்கும் சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கிறது. அதற்கு 'வீரோ' என்று பெயர் வைத்தார்கள். எஸ்பெராண்டோ மொழியில் பச்சைச் சிறுநீரகம் என்பதன் சுருக்கம் அது. அதே சொல்லுக்கு அந்த மொழியில் 'உண்மை' என்றும் பொருள். அரசூர்ச் செம்மறியின் வைரஸ், ஆப்பிரிக்கக் குரங்கின் செல், ஜப்பானிய ஆய்வகம், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு பாஷை! ஆசிரியர் புதன் மாலையே கட்டுரை கேட்டார். இந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு நான் வியாழனைத் தாண்டிவிட்டேன். மன்னிக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டு வெக்கையை ரிண்டர்பெஸ்ட் என்று எழுதிக்கொண்டே இருந்திருந்தால், மாட்டு வெக்கை ஒழிந்தது என்று நாடு எப்படி அறிவித்திருக்கும்? இந்தியாவின் கடைசி ரிண்டர்பெஸ்ட் 1995இல் நம் வடார்க்காட்டில் பதிவானது. 2011இல் உலகமே அதிலிருந்து விடுபட்டது. ஆட்டுக்கொல்லியை ஒழிக்க உலக அமைப்புகள் வைத்திருக்கும் கெடு 2030. இன்று வடக்கே சுங்ரி/96 என்ற இமாச்சல ஊர்ப்பெயர்த் தடுப்பூசியும் அந்த வேலையைச் செய்கிறது. ஆக, அரசூர் தனியாள் இல்லை.

நாமக்கல் கோழிகள் அடுத்த வாரம் நிச்சயம். அதற்குள் வீரகனூரில் குட்டி வாங்குகிறவர்கள் அதை மூன்று வாரமாவது பட்டிக்கு வெளியே தனியாகக் கட்டுங்கள். ஊசி போட்டதா என்று விற்கிறவரிடம் கேளுங்கள். தோள் துண்டையும் ஒரு பார்வை பாருங்கள்.