சாந்தின்றி அடுக்கும் அத்திவாரச் சுவர்

சுவரென்றால் கல்லும் சாந்தும் என்பதே நம்மவர் மனத்திற் பதிந்த கருத்து. கல்லைக் கல்லோடு ஒட்டிவைப்பது சாந்து என்றும், அது குறைந்தாற் சுவர் விழும் என்றும் கூறுவர். இது முற்றும் சரியன்று. சாந்தின் முதன்மையான தொழில் ஒட்டுதலன்று. மேடுபள்ளமுள்ள கற்களுக்கிடையே மெத்தைபோலமைந்து, மேற்பாரத்தைக் கீழ்க்கல்லின் முகத்திற் சமமாய்ப் பரப்புதலேயாம். நெடுந்தீவிலே சாந்து சிறிதுமின்றிப் பவளக் கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகள் இன்றும் நிற்கின்றன.

ஆயினும் வேலிக்குப் போதுமானது வீட்டின் அத்திவாரத்திற்குப் போதாது. ஐக்கிய அமெரிக்காவின் குளிர்மிகுந்த பகுதிகளில் நிலத்தின் ஈரம் உறைந்து, மண் பொங்கிக் கட்டிடத்தையே தூக்கிவிடும். ஆதலால் அங்கே உறைபனி எட்டாத ஆழத்திலிருந்து அத்திவாரச் சுவரை எழுப்புவர். தோண்டிய ஆழத்தை நிலவறையாக்கிக் கொள்வோரும் பலர். அத்தகைய சுவருக்கு மேலிருந்து வரும் பாரம் ஒன்று. புறத்தேயுள்ள ஈரமண் பக்கவாட்டில் நெருக்கும் விசை மற்றொன்று. அஞ்சத்தக்கது பின்னையதே. மண் தள்ளச் சுவர் உள்நோக்கி வளைகின்றது. வளையவே அதன் உள்முகம் இழுபடுகின்றது. சாந்து நசுக்கலை நன்கு தாங்கும். இழுவைக்கோ எளிதில் வாய்பிளந்துவிடும்.

இக்குறையைத் தீர்க்கும் வழியொன்றை அமெரிக்க வேளாண்மைத் திணைக்களத்தார் 1960களில் ஆராய்ந்தனர். கொங்கிறீற்றுக் கற்களைச் சாந்தின்றி அடுக்கி, சுவரின் இரு முகங்களிலும் நறுக்கிய கண்ணாடி நார் கலந்த சீமெந்துக் கலவையைப் பூசுவதே அவ்வழி. பூச்சின் தடிப்பு எட்டிலொரு அங்குலம் இருந்தாற் போதும். இத்துணை மெல்லிய தோல் எங்ஙனம் சுவரைக் காக்குமெனின், வளையும் பொருளில் இழுவை மிகுவது அதன் புறமுகத்திலேயாம். நாரும் அங்கேதான் இருக்கின்றது. நமது பனையைப் பாருங்கள். அதன் வைரமெல்லாம் புறத்தே. உள்ளே வெறும் சோறு. அப்படியிருந்தும் சோழகக் காற்றுக்கு அது முறிவதில்லை. (வைரம் புறத்தேயுள்ளமையால் தொல்காப்பியர் பனை போல்வனவற்றைப் புல்லினத்திற் சேர்த்தமை தமிழ் கற்றோர் அறிந்ததே.) சீமெந்தின் காரம் சாதாரணக் கண்ணாடியை அரித்துவிடும்; ஆகவே காரத்தைத் தாங்கவல்ல கண்ணாடி நாரே வேண்டும். நாரில்லாத வெறும் பூச்சைப் பூசிவிட்டு, இதுவும் அதுவும் ஒன்றென்றிருப்பார் வீட்டின் அடியையே பணயம் வைக்கின்றனர்.

வேலையில் மிகுந்த கவனம் வேண்டுவது முதல் வரியே. அடிக் கொங்கிறீற்று ஒருபோதும் முழுமட்டமாய் அமைவதில்லை. எனவே அவ்வரியை மாத்திரம் சாந்திற் பதித்து, ரசமட்டமும் நூலும் கொண்டு நேர்செய்தல் வேண்டும். இதிற் பிழைத்த ஒரு நூலளவு மேலே செல்லச் செல்லப் பெருகும். பின் மூட்டு மூட்டின்மேல் வாராதபடி அடுக்கி, சில வரிகளுக்கு ஒருமுறை தூக்குக்குண்டு பிடித்து, ஆடும் கல்லுக்குக் கீழே மெல்லிய தகட்டுத் துண்டு செருகுவர். பூசுமுன் சுவரை நனைத்தலும், பூசியபின் ஈரங்காத்தலும் தவறலாகா. மண்ணின் நெருக்கம் மிகுமிடங்களிற் கல்லின் துவாரங்களில் இரும்புக் கம்பி நிறுத்திக் கொங்கிறீற்று வார்ப்பதுமுண்டு. மேல்தளம் அமைந்து சுவரின் தலையைப் பிடித்துக்கொள்ளுமுன் புறத்தே மண் நிரப்புதல் ஆகாது.

கணக்கிலும் ஒரு நுட்பமுண்டு. 16 அங்குலக் கல்லென விற்கப்படுவதன் மெய்யளவு 15⅝ அங்குலமே. எஞ்சிய ⅜ அங்குலம் சாந்துக்குரியது. ஆகவே 30 கற்கள் சாந்தோடு 40 அடி நீளம் வரும். சாந்தின்றி 39 அடி ¾ அங்குலமே வரும். உயரமும் அவ்வாறே குறையும். வரைபடத்தை முதலிலேயே இதற்கேற்ப அமைக்காதவர் கல்லை வெட்டி வெட்டியே காலங்கழிப்பர்.

மெத்தையில்லாமையாற் கற்கள் மேடுகளில் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. அதனால் மேற்பாரந் தாங்கும் வலி, சாந்திட்ட சுவரினும் குறைவு. ஓரிரு மாடி வீட்டிற்கு அது பெரும்பாலும் தடையன்று. நம் வளவுகளிற் கையச்சிட்டு அரியும் சீமெந்துக் கற்களுக்கோ இக்குறை பெரிது. அவற்றின் உயரம் கல்லுக்குக் கல் வேறுபடும். சிக்கனங் கருதி இம்முறையை நாடுவோர், மட்டமான தரையிற் பத்துக் கற்களை அருகருகே வைத்து, மேலே நேரான சலாகையொன்றைக் கிடத்திப் பார்க்க. சலாகையின் கீழே ஒளி தெரியுமாயின் அக்கற்களுக்குச் சாந்தே தகும்.