போறணைத் தட்டில் இடும் தாள்

குரக்கன், மரவள்ளி, பூசணி முதலிய விளைபொருட்களைக் கேக்காகவும் பிஸ்கற்றாகவும் ஆக்கி விற்கும் கமக்காரக் குடும்பங்கள் உள. மாவும் சீனியும் முட்டையும் செலவிட்டுச் செய்த பண்டம், தட்டில் விரித்த தாள் பொருந்தாமையால் ஒட்டிப் பிய்ந்துபோதலும், மெழுகு நாற்றமேறி விலைப்படாது போதலும் உண்டு. ஆகவே எத்தாள் எதற்கு உகந்தது என்பதை அறிந்து வாங்குதல் வேண்டும்.

கடையில் 'ஒயில் பேப்பர்' என்று கேட்பின், பார்வைக்கு ஒத்த வெவ்வேறு தாள்கள் கிடைத்தல் கூடும். மெழுகுத்தாள் ஒரு வகை. இதிற் பூசப்பட்ட பரபின் மெழுகு ஏறத்தாழ 50 முதல் 70 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே உருகும். போறணையின் வெப்பமோ 180 பாகைக்கு மேற்படும். மெழுகு உருகிப் பண்டத்திற் சேர்வதோடு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தாள் புகைந்து தீப்பற்றவும் கூடும். இதனை ஆறிய பண்டங்களைச் சுற்றுவதற்கே பயன்படுத்துக. நகத்தாற் கீறிப் பார்த்தால் மெழுகுத்தாளில் வெண்கோடு விழும், நகத்தில் மெழுகு ஒட்டும். வாங்குமுன் இச்சோதனையைச் செய்தல் நன்று.

போறணைக்கு உரியது சிலிக்கோன் பூசிய தாளாகும். இதற்கு எண்ணெய் தடவ வேண்டியதில்லை. ஏறத்தாழ 220 பாகை வரை தாங்கும். சரியான அளவு பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். கருகாத தாளைப் பிஸ்கற்றுக்கு இரண்டு மூன்று முறை இடலாம். பூச்சற்ற தாளாயின் பட்டர் தடவியே இடுதல் வேண்டும்.

லவ் கேக் செய்வோர் அடி கருகாதிருக்கப் பழைய பத்திரிகைத் தாளைப் பல மடிப்பாகத் தட்டில் இடுவர். அதன்மேல் தூய தாள் விரித்து, அச்சுமை பண்டத்திற் படாதவாறு காத்தல் அவசியம். பசளைப் பைகளின் உட்தாளையும் கிருமிநாசினிப் பெட்டி மட்டைகளையும் எவ்வளவு கழுவினும் உணவின் அருகே கொண்டுவரலாகாது.

இனி, பலர் ஈயத்தாள் என்றழைப்பது உண்மையில் ஈயமன்று, அலுமினியம். எப்போறணையிலும் உருகாது, ஈரத்தைக் காக்கும். பளபளப்பான பக்கம் உள்ளேயா வெளியேயா என்பது பற்றிக் கவலை வேண்டியதில்லை. இரு தாள்களைச் சேர்த்து உருளையிடுவதால் தோன்றும் வேற்றுமையே அது. ஆனால் புளி, தேசிக்காய், தக்காளி, உப்பு ஆகியன இத்தாளை அரிக்கும். உருக்குப் பாத்திரத்திலுள்ள புளிக்குழம்பை இத்தாளால் மூடிக் குழம்பிற் படும்படி இரவு முழுவதும் வைத்தால், காலையிற் சிறு துளைகளைக் காணலாம். கரைந்த அலுமினியம் குழம்பிற் சேர்ந்துவிடும். நலமுடையோரின் சிறுநீரகம் அதிற் பெரும்பகுதியைக் கழித்துவிடும். சிறுநீரக நோயாளருக்கோ அது உடலிலே தங்கும். அந்நோய் மலிந்த உலர்வலய நெற்செய்கைக் கிராமங்களில் இதனை மறத்தலாகாது. புளிப்புப் பண்டமாயின் உள்ளே போறணைத் தாளும் வெளியே அலுமினியத் தாளுமாகச் சுற்றுக.

வயலுக்குச் சோறு கட்டப் பயன்பட்ட பொலித்தீன் லஞ்ச் சீற் 2017 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டது. அதற்கு மாற்றாக வாழையிலை எந்த வீட்டிலும் கிடைக்கும். நடுநரம்பைச் சீவி, தணலில் இலேசாக வாட்டினால் கிழியாது மடியும். இது போறணைக்கும் ஏற்றதே. லம்பிரைஸ் இவ்விலையிற் பொதிந்தே போறணையில் வைக்கப்படுகின்றது. அண்மையிற் கிருமிநாசினி தெளித்த மரத்தின் இலையை மட்டும் விலக்குக. ஏனைய இலைகளையும் இருபுறமும் கழுவித் துடைத்த பின்னரே வாட்டுக.