லத்தீனுக்கு ஒரு தமிழ் வாசல்

தாவரவியல் மாணவர்கள் லத்தீன் பெயர்களைப் பொருளறியாமல் மனப்பாடம் செய்வது தேவையற்ற சுமை என்பது என் கருத்து. ஏர்க்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையின் பெயரைத் தாங்கிய தாவரம் ஒன்று உண்டு: 'வெர்னோனியா ஷெவராயென்சிஸ்'. 'என்சிஸ்' என்னும் ஈறு 'அவ்விடத்துக்கு உரியது' எனப் பொருள்படும். இதை அறிந்தவருக்கு, தேயிலை, செம்பருத்தி ஆகியவற்றின் பெயர்களில் வரும் 'சைனென்சிஸ்' சீனத்தைக் குறிப்பது தானே விளங்கும்.

பெயரிலிருந்து வாக்கியத்துக்குச் செல்லப் பழமொழியே எளிய படி. 'மானுஸ் மானும் லாவத்' என்பது உரோமானியர் வழங்கிய பழமொழி. 'கை கையைக் கழுவும்' என்று சொல்லுக்குச் சொல் தமிழாக்கலாம். 'மானுஸ்' எழுவாய், 'மானும்' செயப்படுபொருள். நம் இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' செய்யும் பணியை அங்கே இறுதி 'ம்' செய்கிறது. ஆதலால் சொற்களை இடம் மாற்றினாலும் பொருள் மாறாது. சொல்வரிசையை நம்பியிருக்கும் ஆங்கிலத்தில் இது இயலாது.

ஆங்கிலத்தின் வழியாகவே லத்தீனை அணுகும் நாம், தமிழிலக்கணம் தரும் இந்த நெருக்கத்தை இழக்கிறோம். சிறு தொடரை முதலில் பழகி, இலக்கணத்தைப் பின்னர் அறிவது ஆத்திசூடி பயின்ற நமக்குப் புதிதன்று. கல்லூரி முதலாண்டில் சில ஈறுகளையும் பழமொழிகளையும் தமிழ்வழி கற்பித்தால், வெற்றொலியாக நிற்கும் பெயர்கள் பொருளுள்ள சொற்களாகும்.