கட்டைக்காரர்களோடு ஒரு தேரோட்டம்!

திருவாரூர் ஆழித்தேரை அண்ணாந்து பார்க்காதவர் உண்டா? அலங்காரம் முடிந்து நிற்கும்போது 96 அடி உயரம். எடை சுமார் 300 டன். மூங்கிலும் பனஞ்சப்பையும் வைத்துக் கட்டி, தேர்ச்சீலை போர்த்தி, தொம்பைகள் காற்றில் ஆட, முன்னால் நான்கு மரக்குதிரைகள் பாய, கீழவீதியில் அது நிற்கிற நிற்பைப் பார்த்தால் கண் தானாக மேலே ஏறிவிடும். இந்தப் பங்குனியில் எனக்குக் கிடைத்தது வேறு இடம். குனிந்து பார்க்கிற இடம். சக்கரத்தடி! முட்டுக்கட்டை போடுகிறவர்கள் நிற்கிற இடம்! தேரோடும் ஆயில்யத்தன்று எங்களோடு நடந்து வரலாம், சொன்னதைக் கேட்டு நடக்க வேண்டும் என்று அவர்கள் சம்மதித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

தேரை ஓட்டுவது யார் என்று கேட்டால், எல்லாரும் வடத்தைக் காட்டுவார்கள். உண்மைதான். நான்கு வடங்களிலும் ஆயிரக்கணக்கான கைகள் விழாமல் தேர் அசையாது. பின்னாலிருந்து புல்டோசரும் உந்துகிறது. திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கின்றன. ஆனால் ஒன்றை யோசியுங்கள். இவ்வளவு பெரிய தேருக்கு ஸ்டியரிங் கிடையாது! நான்கு வீதிகளையும் சுற்றி, நான்கு முனைகளிலும் திரும்பி, நிலைக்கு வந்து சேர வேண்டும். அதைச் சாதிப்பது முழ நீளத்துக்கு ஆப்பு வடிவில் செதுக்கிய புளியமரக் கட்டை. நூற்றுக்கணக்கில் செய்து குவித்து வைத்திருக்கிறார்கள். புளி வைரம் பாய்ந்த மரம். நசுங்கும், கருகும், அவ்வளவு லேசில் பிளந்துவிடாது.

வேலை எப்படி நடக்கிறது தெரியுமா? தேர் இடப்பக்கம் ஒதுங்கிப் போகிறது என்று வையுங்கள். வலப்பக்கச் சக்கரத்துக்கு முன்னால் ஒரு கட்டையைச் செருகுவார்கள். அந்தச் சக்கரம் கட்டையில் உரசித் தயங்கும். இடப்பக்கச் சக்கரம் தன் போக்கில் உருளும். தேரின் முகம் மெல்ல வலப்பக்கம் திரும்பிவிடும். இரும்பும் மரமும் உரசுகிற இடத்திலிருந்து புகை கிளம்புகிறது. நிஜமாகவே புகை! கருகின புளிய மர வாசனையோடு கிரீஸ் வாசனையும் கலந்து மூக்கில் ஏறுகிறது. ஆளுயரத்துக்கு மேலான சக்கரம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் 'கிரீச்' என்று முனகிக்கொண்டு உருளும்போது அதன் முன்னால் குனிந்து கட்டை வைக்கிற ஒருவரின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? நடுங்கவில்லை. அவசரப்படவும் இல்லை.

இனிமேல்தான் எனக்குத் தலை சுற்றியது. தேரை நிறுத்த வேண்டுமானால் இடம், வலம் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கட்டை விழ வேண்டும். ஒரு பக்கம் முந்திக்கொண்டால் தேர் அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஆனால் இடப்பக்கத்துக்காரர் கண்ணுக்கு வலப்பக்கத்துக்காரர் தெரியமாட்டார்! நடுவில் தேர் மறைத்து நிற்கிறது. பறையும் மேளமும் ஆரூரா, தியாகேசா முழக்கமும் சேர்ந்து காதை அடைப்பதால் கூப்பிட்டாலும் கேட்காது. முன்னால் நிற்கிறவர் கையிலிருக்கும் கொடியும், அவர் ஊதுகிற விசிலும் மட்டும்தான் பொது.

"அது போதுமாண்ணே?" என்று இடப்பக்கம் நின்ற பெரியவரிடம் கேட்டேன்.

"விசில் காதுல விழறதுக்கு முன்னாலயே மச்சான் கட்டையத் தூக்கியிருப்பான், எனக்குத் தெரியும். நானும் தூக்கியிருப்பேன், அது அவனுக்குத் தெரியும்" என்றார்.

வலப்பக்கம் நிற்பவர் அவருக்கு மச்சான் முறை. இரண்டு பேரும் ஒன்றாகவே கட்டை சுமக்க வந்தவர்கள். பல வருஷம் ஒரே சக்கரத்தடியில் நின்ற பிறகுதான் ஆளுக்கொரு பக்கம் பிரிந்திருக்கிறார்கள். எனக்குப் புரிந்தவரை, அந்தச் சேர்ந்து நின்ற வருஷங்கள்தான் இப்போது பார்க்காமலே வேலை செய்கின்றன.

இன்னும் கொஞ்சம் நடந்ததும் வேறொன்று பிடிபட்டது. இந்தத் தேரோட்டத்தில் முழுவதையும் பார்க்கக் கூடியவர் ஒருவர்கூட இல்லை! வடம் பிடித்தவருக்குச் சக்கரம் தெரியாது. கட்டைக்காரருக்கு வீதி தெரியாது. புல்டோசர் ஓட்டுநருக்குத் தேரின் முதுகு மட்டும்தான் தெரியும். தேர் மேலே நிற்கிறவர்களுக்கு ஊரே தெரியும், ஆனால் காலடி தெரியாது. கொடிக்காரருக்குத்தான் ஓரளவு எல்லாம் தெரியும், அவருக்கும் தேரின் பின்பக்கம் மறைவு. அதனால் யார் சொல்லுக்கு மற்றவர்கள் கட்டுப்படுவது என்பது இடத்துக்கு இடம் மாறிக்கொண்டே போகிறது. நேர் வீதியில் கொடிக்காரர் சொல்வது. உச்சி ஏதாவது கட்டடத்தை நெருங்கினால் மேலே இருப்பவரின் கைச்சாடை. வீதி முனைக்கு வந்துவிட்டால் கட்டைக்காரர்! அங்கே கொடிக்காரர் கொடியை இறக்கிவிட்டு, பெரியவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். முணுமுணுப்பு இல்லை, முகச்சுளிப்பு இல்லை. தலைமை என்று மேடையில் பேசுகிறோமே, அது இவ்வளவு இலகுவாகக் கை மாறுவதை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

வீதி முனையில் நடப்பதைக் கொஞ்சம் நின்று சொல்லியே ஆக வேண்டும். கீழவீதியிலிருந்து தெற்கு வீதிக்குத் திரும்புகிற இடம். சக்கரம் சறுக்குவதற்காக இரும்புத் தகடுகளைப் பரப்பி, மேலே கிரீஸை வழித்து வழித்துப் பூசுகிறார்கள். அதுவரை ஒரே மூச்சாக வந்த தேர் இங்கே அங்குலம் அங்குலமாக நகர ஆரம்பிக்கிறது. ஒரு இழுப்பு, நிறுத்தம். கட்டை மாற்றம். மறுபடி ஒரு இழுப்பு. ஒவ்வொரு தடவையும் பெரியவர் தரையில் கிட்டத்தட்டப் படுத்து சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்க்கிறார். இரண்டு விரலைக் காட்டுகிறார். பக்கத்திலிருப்பவர் கட்டையை இரண்டு விரல் அளவு உள்ளே தள்ளுகிறார். நடுவில் ஒரு தடவை, இளவட்டம் ஒருவர், "மாமா, பின்சக்கரம் தகட்ட விட்டு இறங்குது" என்று கத்தினார். பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரிதானா என்று சோதிக்கவும் இல்லை. சட்டென்று கையைத் தூக்கினார். அடுத்த கணம் எல்லாம் நின்றுவிட்டது. அப்புறம்தான் போய்ப் பார்த்தார். நிஜமாகவே இறங்கியிருந்தது!

எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. அந்தப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவன் சொன்ன சொல்லுக்கு 300 டன் நின்றிருக்கிறது. மறுநாளிலிருந்து அவன் நடையே வேறாக இருக்கும், சந்தேகமில்லை.

அவன் அந்த இடத்துக்கு வந்த வழியும் சுவாரசியம். முதலில் கட்டை சுமப்பது. தேர் தாண்டிப் போனதும் பின்னால் கிடக்கும் கட்டைகளைப் பொறுக்கி ஓடி வந்து முன்னால் குவிக்க வேண்டும். அப்புறம், கட்டை வைப்பவர் கேட்கிற அளவைப் பார்த்து எடுத்துக் கொடுப்பது. பெரிசா, சின்னதா, நசுங்கினதா, புதுசா என்று அவர் வாய் திறக்கும் முன்பே தெரிய வேண்டும். அப்புறம் பின்சக்கரத்தைக் கண்காணிப்பது. அவன் இப்போது நிற்பது இந்தப் படியில். முன்சக்கரத்துக்குக் கட்டை வைப்பது இன்னும் சில வருஷம் கழித்துத்தான். புதிதாக வந்த ஒரு பொடியனுக்கு அவனே பாடம் நடத்துவதையும் கேட்டேன்: "டேய், சக்கரத்தப் பாக்காத. எம் மூஞ்சியப் பாரு. சக்கரத்த நான் பாத்துக்கறேன்." சக்கரத்தைப் பார்த்தால் பயம் வரும், பயம் வந்தால் கால் பின்னும் என்பது அவன் கணக்கு. தன்னை நம்பச் சொல்கிறவன், அந்தப் பொடியனின் காலுக்கும் சேர்த்துப் பொறுப்பெடுத்துக்கொள்கிறான் அல்லவா!

இப்படிக் கைமாறித்தான் இந்த வித்தை வந்திருக்க வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் அப்பர் பாடிய ஆழித்தேர் இது. 1948-க்குப் பிறகு ஓடாமல் நின்றுபோன தேரை 1970-ல் மறுபடி ஓட்டினார்கள். 22 வருஷம் ஓடாத தேரைத் திருப்புவதற்கு எந்தப் புத்தகத்தைப் புரட்டியிருக்க முடியும்? பழைய கைகளைத்தான் தேடிப் போயிருப்பார்கள்.

புல்டோசர் ஓட்டுநர் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவர் இந்தக் கூட்டத்துக்குப் புதியவர், வெளியூர்க்காரர். விடிகாலையில், தேர் கிளம்புவதற்கு வெகுநேரம் முன்பாகவே, கட்டைக்காரர்கள் அவரைத் தேடிப் போய் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார்கள். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று ஆரம்பித்த பேச்சு, அரை மணியில் கைச்சாடைக்கு வந்துவிட்டது. உள்ளங்கையை இப்படிக் காட்டினால் மெதுவா, முஷ்டி மடக்கினால் நிறுத்து, தலைக்கு மேல் சுற்றினால் உந்து. அவரைத் தேரைச் சுற்றி ஒரு தடவை நடத்திக் கூட்டிப்போய், "நீங்க உந்தும்போது எங்க ஆளு இங்கதான் குனிஞ்சிருப்பான்" என்று அந்த இடத்தையே காட்டினார்கள். அதற்குப் பிறகு அவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்த விதத்தைப் பார்க்க வேண்டுமே! முகம் தெரிந்த ஒருவன் சக்கரத்தடியில் இருக்கிறான் என்ற நினைப்பு அவர் காலில் தெரிந்தது. மின்வாரியத்துக்காரர்கள், தீயணைப்புத் துறையினர், காவலர்கள் எல்லாரோடும் இதே டீ, இதே குசல விசாரிப்பு. வேலைக்கு நடுவே விளையும் வெட்டிப் பேச்சு என்று யாராவது இதைத் தள்ளினால் நான் சண்டைக்கே போவேன்.

ஏனென்றால் இந்த உறவு அறுந்த இடங்களில் என்ன ஆகிறது என்பதும் நமக்குத் தெரியும். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில், வடம் பிடிக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டா என்ற தகராறில் தேர் பல ஆண்டுகள் ஓடாமலே நின்றது. 2024 ஜூனில்தான் மறுபடி அசைந்தது. ஊரார் ஒருவருக்கொருவர் வடத்தில் இடம் கொடுக்காவிட்டால் எந்தப் புல்டோசராலும் தேரை இழுக்க முடியாது. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்ததை டெல்டாக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. மேலே பார்க்கிறவர், கீழே நிறுத்துகிறவர், மின்சாரத்தைத் துண்டிக்கிறவர் மூவருக்கும் இடையே பேச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை நான் பார்த்த கட்டைக்காரர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் சொன்னார்கள். கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதை இந்த ஊர்க் கதை. சக்கரத்துக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்பது திருவாரூருக்கு ரொம்பப் பழைய கவலை.

தெற்கு வீதியில் தேர் நேரானதும் விசில் நீளமாக ஒலித்தது. கொடி மறுபடி உயர்ந்தது. பெரியவர் எழுந்து, முழங்காலில் அப்பியிருந்த கிரீஸைத் துண்டால் துடைத்துக்கொண்டு, மறுபடி கொடிக்காரரின் கையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஒரு நிமிஷம் முன்பு ஊரையே நிறுத்தி வைத்தவர்! முன்னால் பிள்ளையாரும் முருகனும் தங்கள் தேர்களில் போக, பின்னால் அம்பாளும் சண்டிகேசுவரரும் வர, நடுவில் ஆழித்தேரில் தியாகேசர் ஆடி அசைந்து கிளம்பினார்.

அடுத்த பங்குனியில் போகிறவர்கள் கீழவீதியிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். தெற்கு வீதி முனைக்குப் போய், ஓரமாக ஒரு திண்ணையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தேர் நெருங்கியதும் கொடிக்காரரின் கண் எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். யாரைப் பார்க்கிறாரோ, அடுத்த அரை மணி நேரத்துக்கு அவர்தான் தேரோட்டி. அவர் கையசைத்து விலகச் சொன்னால் மட்டும், கேள்வி கேட்காமல் விலகிக்கொள்ளுங்கள்!